முப்பத்தேழுக்கு ஒன்று

ஜூலை 7, திங்கள். லோனாவ்லா

சென்னையிலிருந்து பம்பாய்க்கு மெயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும். குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று கரிசல் மண்ணும் சோளக் கொல்லையுமாக ஓடி வந்த வண்டி, புனே தாண்டியதும் மழைக்குள் நுழைகிறது. லோனாவ்லாவில் தக்காணம் முடிந்துவிடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 620 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. மேற்கே சிறிது தூரம் போனால் சஹ்யாத்ரி மலை அறுத்துவிட்ட மாதிரி நின்றுபோய், அடியில் கொங்கணம் கிடக்கிறது. இந்த விளிம்பிலிருந்து கீழே கர்ஜத் வரை 28 கிலோமீட்டருக்கு ரயில் பாதை இறங்குகிறது. வரைபடத்தில் போர் காட் என்று போட்டிருக்கும். ரயில்வே ஆட்களுக்கு வெறும் ‘காட்’.

1871-ல் மதராஸ் ரயில்வேயும் ஜி.ஐ.பி. எனப்பட்ட கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் ராய்ச்சூரில் கைகோத்தன. மதராஸிலிருந்து பம்பாய்க்கு ரயில் வழி திறந்தது அப்போதுதான். பிழைப்பு தேடி தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் போன நம் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மலையில்தான் இறங்கிப் போனார்கள். பெட்டியில் தூக்கம் கலைந்து, சுரங்கத்தின் இருட்டைக் கண்டு சிறுபிள்ளைகள் கூச்சலிட்ட இடம் இது. அந்தச் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் யார் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பாதை எதற்காக வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பருத்திக்காக. தக்காணத்துப் பருத்தி மாட்டு முதுகிலும் வண்டியிலும் மலை இறங்கிப் பம்பாய்த் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வாரக் கணக்கில் ஆனது. வழியில் மழை பிடித்தால் பொதி நனைந்து கெட்டது. மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். 1849-ல் ஜி.ஐ.பி. கம்பெனி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. அதில் இருந்த ஒரு ஷரத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் பங்கு வாங்குகிறவர் போடும் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி. பாதை சம்பாதிக்காவிட்டால் குறையும் தொகையை இந்தியாவின் வருவாயிலிருந்து கொடுப்பார்கள். அதாவது நிலவரி கட்டிய தக்காணத்துக் குடியானவன்தான் அந்த வட்டிக்குப் பிணை. மண் சுமக்க மலைக்கு வந்தவர்களிலும் அதே குடியானவர்கள் இருந்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய். காண்டாலா

காலையில் மழை சற்று விட்டது. காண்டாலா வரை போய் மலை விளிம்பில் நின்று பார்த்தேன். மேகம் விலகின நேரத்தில் எதிர்ச்சரிவில் ரயில் பாதையின் மூன்று தடங்களும் தெரிந்தன. பாறை இங்கே அடுக்கடுக்கானது. ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து, ஆறி, அதன் மேல் மறுபடி வழிந்து உண்டான கருங்கல். ஒவ்வொரு அடுக்கும் ஒரு படி. படியின் விளிம்பு செங்குத்து. படிக்கும் படிக்கும் நடுவில் மண்ணும் காடும். அருவிகள் படி படியாக விழுவதும் அதனால்தான். ரயிலுக்கு இந்தப் படிகள் ஆகாது. அதற்குச் சீரான சரிவு வேண்டும். அந்தச் சரிவை மனிதன்தான் செதுக்கித் தரவேண்டும்.

ஜி.ஐ.பி.யின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி. ராபர்ட் ஸ்டீஃபன்சனிடம் தொழில் கற்றவர். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவருடைய பொறுப்பில் போட்ட பாதையில்தான் ஓடியது. அது சமவெளி. மலை ஏற அவர் கண்ட வழி இது: கர்ஜத் பக்கத்திலிருந்து லோனாவ்லா வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு இழுத்து, 1,831 அடியை ஏறிவிடுவது. மிகச் செங்குத்தான இடத்தில் 37-க்கு 1. முப்பத்தேழு அடி முன்னால் போனால் ஓரடி மேலே. மாட்டுவண்டிக்கு இது ஏற்றமே இல்லை. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்கு இது பெரும்பாடு. ஈரம் பட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மணல் தூவித்தான் பிடிமானம் உண்டாக்கவேண்டும்.

அப்படியும் ஒரு இடத்தில் மலை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறி வரும் பாதை ஒரு மலைமூக்கின் நுனியில் வந்து முட்டியது. சுற்றி வளைக்க இடம் கிடையாது. பெர்க்லி அங்கே கவட்டை வடிவில் பாதையைப் போட்டார். வண்டி ஒரு கிளையில் ஏறி வந்து நுனியில் நிற்கும். இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். வண்டி பின்பக்கமாகப் புறப்பட்டு அடுத்த கிளையில் மேலே ஏறும். ‘ரிவர்சிங் ஸ்டேஷன்’ என்று பெயர். எழுத்தில் படிக்கும்போது கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. இறங்கி வரும் வண்டிக்கோ அந்த நுனிக்கு அப்பால் பள்ளத்தாக்குதான். 1869-ல் ஒரு மெயில் வண்டி பிரேக்குக்கு அடங்காமல் ஓடிவந்து அங்கே விபத்துக்குள்ளாகி, பயணிகள் உயிரிழந்தார்கள். இருந்தும் அந்த ஏற்பாடு 1929 வரை நீடித்தது. பிறகு புதிதாகச் சுரங்கங்கள் வெட்டி நேர்வழி போட்டார்கள்.

அருகில் பழைய தரைவழிச் சாலையின் பாலம் ஒன்று 1830-லிருந்து நின்றிருந்தது. அதன் மேல் ஒரு காலத்தில் இருந்த விளம்பரப் பலகையால் ‘அமிர்தாஞ்சன் பாலம்’ என்றே ஊர் அதை அழைத்தது. நம் வீட்டு அலமாரிகளில் இருந்த அதே மஞ்சள் தைலம்தான். 1893-ல் பம்பாயில் தொடங்கி, பின்னால் மதராஸுக்கு இடம் பெயர்ந்த நிறுவனம். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வாகனம் இல்லாத நாட்களில், பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பம்பாய்–புனே விரைவுச்சாலைக்கு அதன் தூண்கள் இடைஞ்சலாம். நியாயமான காரணம்தான். ஆனாலும் ரயில் இல்லாத காலத்தின் சாட்சி அது ஒன்றுதான் இங்கே கண்முன் நின்றிருந்தது.

ஜூலை 9, புதன். லோனாவ்லா

விடிய விடிய மழை. பகலும் அப்படியே. தெருவில் முழங்கால் தண்ணீர். அறையை விட்டு நகரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த தாள்களைக் கட்டிலில் பரப்பிவைத்துப் படித்தேன். 1885-ல் வெளியான பம்பாய் மாகாண கெசட்டியரின் புனே தொகுதி, ரயில் வரலாற்றாசிரியர் இயன் கெர்ரின் ஆய்வுகளிலிருந்து எடுத்துவைத்த குறிப்புகள்.

இந்த மழையைப் பார்த்த பிறகு எனக்கு முதலில் புரிந்தது, அவர்களுக்கு ஆண்டு என்பது எட்டு மாதம்தான் என்பது. ஜூன் பிறந்தால் மலையில் வேலை கிடையாது. ஆட்கள் ஊருக்குக் கலைந்து போவார்கள். அக்டோபரில் மறுபடி ஆள் பிடிக்கவேண்டும். போன பருவத்தில் கூலி சரியாக வராதவன் திரும்ப வரமாட்டான். சரிந்து மூடியதை அள்ளிவிட்டுத்தான் புதுவேலை. 1856 ஜனவரியில் தொடங்கியது முடிய ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது.

சுரங்கம் 25. சமவெளிக் குன்றில் சுரங்கம் வெட்டும்போது மேலிருந்து நடுவில் கிணறு மாதிரிக் குழி இறக்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் குடையலாம். அப்படிச் செய்தால் ஒரே நேரத்தில் பல முகங்களில் வேலை ஓடும். இங்கே மலை தலைக்கு மேல் செங்குத்தாக நின்றதால் குழி இறக்க முடியவில்லை. இரண்டு வாயிலிருந்தும் குடைந்து வருவது ஒன்றே வழி. அந்த வாய்க்குப் போய்ச் சேரவும் பாதை இல்லாத இடங்கள் இருந்தன. இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து ஆளை இறக்கினார்கள். பாறை முகத்தில் தொங்கியபடியே முதல் துளையை அடித்து, நிற்கக் கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொண்டு, பிறகுதான் மற்றவர்கள் இறங்கினார்கள். வெடி என்றால் கருமருந்து மட்டும்தான். டைனமைட் 1867-ல்தான் வந்தது. பாதை திறந்து நாலு வருஷம் கழித்து.

யார் இவர்கள்? அறுவடை முடிந்து கூலி தேடி வந்த குன்பிக் குடியானவர்கள். மகார், மாங்கு சமூகத்து மக்கள். மண்வேலையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். வடார்கள் என்று மராத்தியில் சொல்லப்படுகிற சமூகம் தக்காணத்திலும் தெற்கிலும் ரயில் பாதை போட்ட இடமெங்கும் பேர்போனது. நம் பக்கத்தில் ஏரி வெட்டிய, கிணறு தோண்டிய, கல் உடைத்த ஒட்டர்கள் அவர்களுடைய சொந்தங்கள்தான். தெலுங்கின் கிளையான ஒரு மொழி பேசுகிறவர்கள். குடும்பமே வேலையில் இறங்கும். ஆண் வெட்ட, பெண் கூடையில் அள்ள, பிள்ளைகளும் சுமக்க, கூலி நாளுக்கு அல்ல, வெட்டிய மண்ணின் அளவுக்கு. அதனால் அளக்கிறவன் கையில்தான் அவர்களுடைய சோறு இருந்தது.

1861 ஜனவரியில் இந்தச் சரிவில் 42,000 பேர் வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் பெரிய பட்டணத்து ஜனத்தொகை அது. பட்டணத்தை மலைச்சரிவில் ஓலைக்குடிசையில் குடிவைத்தால் என்ன ஆகும்? குடிதண்ணீர் ஓடையில், கழிவும் அதே ஓடையில். காலரா வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது. காலரா தண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854-லேயே தெருத் தெருவாகக் கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். மருத்துவ உலகம் அதை முழுதாக ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது என்பது உண்மை. ஆனால் நல்ல தண்ணீரை மேட்டிலிருந்து குழாயிலோ வண்டியிலோ கொண்டுவந்து தர எந்த மருத்துவக் கொள்கையும் தேவைப்படவில்லை. இன்ஜினுக்குத் தண்ணீர்த்தொட்டி எங்கே வைப்பது என்று திட்டம் போட்டவர்களுக்கு இதுவும் தெரிந்தே இருக்கும்.

செத்தவர்கள் எத்தனை பேர்? இயன் கெர் முதலானவர்களின் ஆய்வுக்குப் பிறகு 24,000 என்கிற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. மதிப்பீடுதான். தலை எண்ணி வைத்த பதிவேட்டிலிருந்து வந்ததில்லை. பென்சிலால் ஒரு வகுத்தல் போட்டேன். 25 கிலோமீட்டருக்குச் சற்று மேலான பாதை, 24,000 உயிர். மீட்டருக்கு ஏறக்குறைய ஒருவர். போட்ட பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். இன்று இதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

ஜூலை 10, வியாழன். லோனாவ்லா

நேற்று விட்ட இடத்திலிருந்து.

முதல் ஒப்பந்தக்காரர் வில்லியம் ஃபேவியல். தாணே பாதையைப் போட்ட கூட்டாளிகளில் ஒருவர். அவர் வேலையைத் துண்டு போட்டுச் சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் முக்காதம்களிடம் கொடுத்தார்கள். முக்காதம் என்பவன் நம் ஊர் மேஸ்திரி, கங்காணி போல. ஆள் பிடிப்பதும் கூலி பட்டுவாடா செய்வதும் அவன்தான். பம்பாயிலிருந்து கிளம்பிய காசு மலைக்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. 1859 ஜனவரியில் கூலி வராமலும் குறைத்துக் கொடுக்கப்பட்டும் பொறுத்துப் பார்த்த ஆட்கள் கிளர்ந்தார்கள். ஐரோப்பிய மேற்பார்வையாளர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் வந்தது. அரசாங்கம் விசாரித்தது. ஆட்களின் குறை நியாயமானது என்று விசாரணையே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மார்ச்சிலேயே ஃபேவியல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். (பிற்பாடு இதே ஃபேவியல் இலங்கை போய்க் கொழும்பு–கண்டி பாதையை 1867-ல் முடித்துக் கொடுத்தார்.)

அடுத்த வருஷம் ஒரு சட்டம் வந்தது. 1860-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டம். ரயில்வே, கால்வாய் போன்ற பொதுப்பணிகளில் எழும் கூலித் தகராறுகளை மாஜிஸ்திரேட் விரைந்து தீர்க்கலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே சட்டம், ஒத்துக்கொண்ட வேலையை விட்டுப் போகிற கூலிக்காரனைச் சிறைக்கு அனுப்பவும் வழி வைத்தது. கூலி தராத முதலாளி பணம் கட்டினால் போதும். வேலையை விட்ட ஆளுக்குச் சிறை. ஒரே தராசின் இரண்டு தட்டுக்கு இரண்டு விதமான எடைக்கல். இந்திய மண்ணில் தொழிலாளர் தகராறுக்கென்று எழுதப்பட்ட முதல் சட்டங்களில் ஒன்று இது என்பதை நம் பள்ளிப் பாடங்களில் சொல்லவேண்டும்.

ஜூலை 11, வெள்ளி. கர்ஜத்

மழை தணிந்து வண்டிகள் ஓடின. இறங்கும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காண்டாலா தாண்டியதும் வேகம் ஓட்டமும் நடையுமாகக் குறைந்தது. சுரங்கம், வெளிச்சம், அருவி, மறுபடி சுரங்கம். மங்கி ஹில், நாகநாத், தாக்கூர்வாடி, ஜாம்ப்ருங் என்று சின்னச் சின்ன கேபின்கள். ஜனம் ஏறி இறங்குகிற ஸ்டேஷன்கள் இல்லை அவை.

கர்ஜத்தில் ஒருவரைப் பார்க்கவேண்டியிருந்தது. நாங்குநேரிப் பக்கத்துப் பூர்வீகம். அப்பா காலத்தில் பம்பாய் வந்த குடும்பம். ரயில்வேயில் சேர்ந்து, இந்த ‘காட்’ பாதையிலேயே, ஏற்றத்தில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். சுக்குக் காப்பி வந்தது. பாதையைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஏறுறது பெரிய காரியமில்ல. எறங்குறதுதான் வேல. ஏறுறப்போ இன்ஜின் இழுக்கலேன்னா வண்டி நின்னு போவும், அவ்ளோதான். எறங்குறப்போ நிக்கலேன்னா?”

கேட்ச் சைடிங் எப்படி வேலை செய்யும் என்று தரையில் விரலால் வரைந்து காட்டினார். இறக்கத்தில் சில இடங்களில் முதன்மைப் பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து மலைமேட்டை நோக்கி ஏறும். பாயிண்ட் எப்போதும் அந்தக் கிளைக்குத்தான் திரும்பியிருக்கும். இறங்கி வருகிற வண்டி அதற்கு முன்னால் நின்றாகவேண்டும். நின்று காட்டினால்தான் ‘வண்டி டிரைவர் கைக்குள்தான் இருக்கிறது’ என்று நம்பிப் பாயிண்டைக் கீழ்ப்பாதைக்கு மாற்றுவார்கள். அடங்காமல் வருகிற வண்டி தானாகக் கிளைக்குள் ஓடி, மேடு ஏறி, வேகம் செத்து நிற்கும்.

“நல்லா வார வண்டியையும் கெட்டு வார வண்டின்னு நெனச்சுத்தான் வழி வச்சிருக்கான், பாத்துக்கிடுங்க. எங்க சர்வீஸ்ல தெனமும் இந்தப் பரீட்சைதான்.”

பெர்க்லியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. பாதை திறக்கும் முன்பே, 1862-ல், நாற்பத்திரண்டு வயதில் பெர்க்லி இங்கிலாந்தில் இறந்துபோனார் என்றேன். அண்ணாச்சி சற்றுநேரம் பேசவில்லை. “அவன் கண்ணால பாக்கலியா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 12, சனி. கர்ஜத்

ஃபேவியலுக்குப் பின் வேலை சாலமன் ட்ரெட்வெல்லிடம் போனது. இங்கிலாந்தில் பெரிய ஒப்பந்தக்காரர். 1859 கடைசியில் வந்து இறங்கினார்; சில வாரங்களில் நோயில் இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, ஆடம்சன், க்ளௌசர் என்ற இரண்டு பொறியாளர்களைப் பொறுப்பில் வைத்து, வேலையை முடித்தார். 42,000 பேர் உழைத்தது அவருடைய ஒப்பந்தக் காலத்தில்தான். கூலி ஒழுங்காகக் கைக்குப் போனால்தான் ஆள் நிற்கும் என்பதை முந்தைய கலவரத்திலிருந்து கற்றிருந்தார்கள். 1863 ஏப்ரல் 21 அன்று கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர் பாதையைத் திறந்துவைத்தார். அதற்கு முன் ஐந்து வருஷமாகப் பம்பாய்ப் பயணி கொப்போலியில் ரயிலை விட்டு இறங்கி, பல்லக்கிலோ குதிரையிலோ மலை ஏறி, காண்டாலாவில் அடுத்த ரயிலைப் பிடித்துப் புனே போய்க்கொண்டிருந்தான்.

திறந்து நாலு வருஷத்தில், 1867 ஜூலை மழையில், மலைப்பாதையின் பெரிய கல்பாலங்களில் ஒன்று அப்படியே இடிந்து விழுந்தது. மவ்-கி-மல்லி பாலம். எட்டு வளைவு கொண்டது. விசாரித்துப் பார்த்தபோது கட்டுமானத்தின் தரம்தான் குற்றம் என்று வெளிப்பட்டது. ஜி.ஐ.பி. பாதையில் வேறு பல பாலங்களையும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டி வந்தது.

1859-ன் கலவரத்தையும் 1867-ன் பாலத்தையும் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயத்தில் வைக்கின்றன. ஒன்று தொழிலாளர் வரலாறு, மற்றொன்று பொறியியல் வரலாறு. எனக்கு இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையாகத் தெரிகின்றன. பங்குதாரருக்கு 5 சதவீதம் உறுதி. ஆகவே மேலே இருந்தவர்களுக்குச் செலவைப் பற்றிக் கவலையும் இல்லை, உன்னிப்பான மேற்பார்வைக்கு அவசரமும் இல்லை. கீழே ஒவ்வொரு படியிலும் இருந்தவனுக்கு லாபம் வரக்கூடிய ஒரே இடம் அடுத்த படியில் இருப்பவனின் பங்கு. கூலியில் குறைத்தார்கள். அதே பழக்கம் கல்லுக்கு நடுவிலிருந்த சுண்ணாம்புக் காரையிலும் கைவைத்தது. ஆளை ஏமாற்றினால் ஆள் எதிர்த்துக் கேட்பான், இல்லாவிட்டால் செத்துப்போவான். பாலம் எட்டு வருஷம் கழித்துக் கேட்டது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “இதுல என்ன புதுசு தம்பி, இன்னைக்கும் டெண்டர்னா அப்டித்தான” என்றார்.

ஜூலை 13, ஞாயிறு. கர்ஜத்திலிருந்து மேலே

கர்ஜத் நடைமேடையில் வடாபாவ் வாசனை. புனே பக்கம் போகிற நீள வண்டிகளில் பெரும்பாலானவை இங்கே நின்று பின்னால் பேங்கர் மாட்டிக்கொள்ளும். அந்தச் சில நிமிஷத்தில் ஒரு பெட்டி ஜனமே இறங்கி வடாபாவ் வாங்கும். அண்ணாச்சி வண்டி வாலுக்கு என்னை அழைத்துப் போனார். ஒன்றோடொன்று கோத்த மின்சார இன்ஜின்கள் பின்னாலிருந்து மெதுவாக வந்து முட்டின.

ஏன் முன்னால் மாட்டுவதில்லை? எல்லா இழுவையையும் முன்னாலிருந்தே கொடுத்தால் முதல் பெட்டிகளின் கொக்கி மொத்த பாரத்தையும் தாங்கவேண்டும். ஏற்றத்தில் கொக்கி அறுந்தால் பின்பகுதி தனியாகக் கீழே ஓடிவிடும். பின்னாலிருந்து தள்ளினால் பாரம் பங்காகிறது, அறுந்தாலும் தாங்க ஆள் இருக்கிறது. முன் டிரைவரும் பின் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் அரைக் கிலோமீட்டர் வண்டி, வளைவு, சுரங்கம். விசில் குறிப்பில்தான் முன்பெல்லாம் எல்லாமே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சக்தி கொடுக்கவேண்டும், ஒரே நேரத்தில் விடவேண்டும்.

நீராவிக் காலத்தில் சுரங்கத்துக்குள் புகை மூச்சை அடைக்கும். 1929-30 வாக்கில் கல்யாணிலிருந்து புனே வரை மின்சாரம் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதை இன்ஜின்களைப் பின்பற்றி, நடுவுடம்பும் இரண்டு மூக்குமாகச் செய்த இன்ஜின்கள் வந்தன. இங்குள்ள ஆட்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘கேக்டா’, நண்டு. வளைவுகளில் உடம்பை முறுக்கிக்கொண்டு ஏறியவை அவை.

இன்று நான் ஏறிய வண்டியில் முன்னிருக்கையில் தாராவித் தமிழ்க் குடும்பம் ஒன்று. சோலாப்பூரில் கல்யாணமாம். சுரங்கம் வரவர அவர்களுடைய சின்னப் பெண் எண்ணிக்கொண்டே வந்தாள். நடுவில் வடாபாவ் கேட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டாள். பெரியவரிடம் இது யார் வெட்டியது தெரியுமா என்று கேட்டேன். “வெள்ளக்காரன் போட்டது சார், அதான் இன்னும் நிக்குது” என்றார். பாலம் இடிந்த கதையைச் சொன்னேன். கயிற்றில் தொங்கியவர்களையும் சொன்னேன். காண்டாலா வரும்வரை கேட்டார். எந்த ஊர் ஆட்கள், எவ்வளவு கூலி என்று அவராகவே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவரும் கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்தவராம்.

ஜூலை 14, திங்கள். கொப்போலி பக்கம்

பழைய பம்பாய்–புனே சாலையில் ஷிங்ரோபா கோயிலுக்குப் போனேன். சாலையோரச் சிறு கோயில். போகிற வாகனங்கள் வேகத்தைக் குறைத்துக் காசு போட்டுவிட்டுப் போகின்றன. கதை இது: மலைக்கு மேலே வழி தெரியாமல் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் திகைத்தபோது, ஆடு மேய்த்த தங்கர் சமூகத்து ஷிங்ரோபா தன் ஆடுகள் ஏறும் தடத்தைக் காட்டிக்கொடுத்தான். வேலை முடிந்ததும், இவன் வேறு யாருக்கும் வழி காட்டிவிடக்கூடாது என்று அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவன் இங்கே தெய்வமானான்.

ஆவணத்தில் இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. அநியாயமாகச் செத்தவனைக் காவல் தெய்வமாக்கி வழியோரத்தில் நிறுத்துவது நமக்கும் பழக்கமான நீதிதான். தெற்குச் சீமையில் இப்படி எத்தனை மாடன் பீடங்கள். மலைக்கு வழி தெரிந்தவன் இந்த மண்ணின் ஆள், அவனுக்குக் கிடைத்தது சாவு என்று ஊர் தனக்குத் தானே ஒரு கணக்கை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் செத்தவர்களில் ஒருவனுக்காவது பூவும் தீபமும் உண்டு.

பம்பாயில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸின் முகப்பில் ஜி.ஐ.பி.யின் இயக்குநர்களுக்கும் அதற்குத் துணைநின்ற பெரிய மனிதர்களுக்கும் கல்லில் முகம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அது இருக்கட்டும். காண்டாலாவிலோ கர்ஜத்திலோ நடைமேடையில் ஒரு கல் வைக்க மத்திய ரயில்வேக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அலங்காரம் வேண்டாம். மராத்தியிலும் இந்தியிலும், பம்பாய் மெயிலில் வருகிறவர்களுக்காகத் தமிழிலும் தெலுங்கிலும், இவ்வளவு இருந்தால் போதும்: 1856 ஜனவரி முதல் 1863 ஏப்ரல் வரை வேலை நடந்தது, ஒரு கட்டத்தில் 42,000 ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் உழைத்தார்கள், காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே இறந்தார்கள், 1859-ல் கூலி கேட்டுக் கிளர்ந்தார்கள். கடைசி வரியை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று அண்ணாச்சி எச்சரித்தார். எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மராத்தி நகலை அவருடைய மகள் எழுதித் தருகிறாள்.